தலைப் பசை போகிற வரைக்கும்

புதிதாக வேலைக்கு வந்திருக்கிற பிள்ளைகளே, இந்த ஈ.ஈ.ஜி. அறையில் உங்களுக்கு முதலில் தலையில் இருக்கிற எண்ணெயை எடுக்கிற வேலையைச் சொல்கிறேன். ஒயரை எப்படிப் பிடிக்கிறது, பசையை எவ்வளவு வைக்கிறது, மிஷினை எதால் துடைக்கிறது என்பதையெல்லாம் டெஸ்ட் எடுக்கிற பஷீர் தம்பி உங்களுக்குக் காட்டிக் கொடுத்துவிடுவார். எண்ணெய் பற்றி அவருக்குத் தெரியாது. அது பின்பக்கக் குழாயடி விவகாரம்.

நான் வேலையிலிருந்து ஓய்வு பெறுகிறேன், மைக் பிடித்துப் பேசச் சொன்னார்கள். எனக்கு வராது. அதனால் எழுதித் தருகிறேன். அஞ்சாவது வரைக்கும் படித்தவள், பிழை இருந்தால் திருத்திப் படித்துக்கொள்ளுங்கள்.

ஆஸ்பத்திரிக்குப் பிள்ளையைக் கூட்டிவருகிற எந்தத் தாயும் வறண்ட தலையோடு கூட்டிவர மாட்டாள். நாலு பேர் பார்க்கிற இடம். வளர்க்கத் தெரியாதவள் என்று டாக்டர் நினைத்துவிடக் கூடாது. அதனால் மற்ற நாளில் வைக்காதவள்கூட அன்றைக்குத்தான் வழிய வழியத் தேய்த்து, படிய வாரி, பின்னலைப் பிழிந்தால் எண்ணெய் சொட்டுகிற மாதிரி கூட்டிவருவாள். எண்ணெய் வைக்காமல் வாங்க என்று முதல் நாளே போனில் சொல்லியிருப்போம். "லேசா தொட்டேன் யக்கா, அவ்ளோதான்" என்பாள். எண்ணெய் இருந்தால் ஒயர் ஒட்டாது. ஒயர் ஒட்டாவிட்டால் மூளையில் ஓடுகிற கரண்டு மிஷினுக்கு வந்து சேராது. ஆகவே டெஸ்ட்டுக்கு முன்னால் ஒரு தடவை எண்ணெய் போகக் கழுவ வேண்டும், முடிந்தபிறகு பசை போகக் கழுவ வேண்டும். திருப்பாதிரிப்புலியூரிலிருந்து தினம் சிதம்பரத்துக்கு ரயிலேறி வந்து நான் செய்தது பெரும்பாலும் இந்த வேலைதான்.

எனக்கு முன்னால் அந்தக் குழாயடியில் இருந்த அக்கா ஒன்று சொல்லித் தந்தார். வாயே திறக்காமல் நின்ற என்னைப் பார்த்து, "பேச வரலன்னா பேசாத. கைய மட்டும் நிறுத்தாத. தல ஒன் கையில இருக்கற வரைக்கும் புள்ள ஒன்கிட்டதான்" என்றார். ரொம்ப நாளைக்கு அதைப் பிள்ளைகளின் பயம் போக்குகிற வழி என்று மட்டும்தான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

இப்போது பவித்ரா விஷயம். அவள் நிஜப் பெயர் வேறு.

அவர்கள் வந்ததே சண்டையோடுதான். சிதம்பரத்துக்குக் கிழக்கே, வாய்க்கால் போய் முடிகிற கடைமடை ஊர். அப்பா, அம்மா, எட்டாவது படிக்கிற பெண். உள்ளே நுழையும்போதே அம்மா செல்வி கேட்டுக்கொண்டு வந்தாள்.

"சோத்துப் பைய பஸ்ஸுல சீட்டுக்கு மேல வச்சிங்களே, எடுத்தீங்களா?"

"நீ எடுத்திருப்பன்னு நெனைச்சேன்."

"நான் பொண்ணப் புடிச்சிக்கினு எறங்கறேன். எனக்கு இன்னும் ரெண்டு கை இருக்குதா?"

"போனா போவுது. எலுமிச்ச சோறுதானே."

"சோறு போவட்டும். டப்பா எங்கம்மா குடுத்தது."

பெண் ரெண்டு பேருக்கும் நடுவில் சும்மா நின்றாள். சண்டை அவள் காதில் விழுந்த மாதிரியே தெரியவில்லை. சுவரில் ஒரு எறும்பு வரிசை போனது. அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். மூன்று தடவை பெயரைச் சொல்லிக் கூப்பிட்ட பிறகுதான் திரும்பினாள்.

குழாயடியில் ஸ்டூல் போட்டுக் குனியவைத்து ஷாம்பு போட்டேன். நல்ல அடர்த்தியான முடி, எண்ணெயும் தாராளம். கொஞ்ச நேரம் கழித்து தண்ணீருக்கு அடியிலிருந்து கேட்டாள்.

"ஆயா, ஒங்களுக்கு சாமி பக்தி ஜாஸ்தியா?"

"ஏன்?"

"எனக்காக ஒண்ணு வேண்டிக்குவீங்களா?"

"சொல்லு."

"எனக்கு வலிப்பு இருக்கணும்னு வேண்டிக்குங்க."

என் கை நின்றுவிட்டது. வலிப்பு இருக்கக் கூடாது என்று வேண்டிக்கொண்டு வருகிறவர்களைத்தான் பார்த்திருக்கிறேன். பெண் பிள்ளை என்றால் அந்த வார்த்தையையே வாயால் சொல்ல மாட்டார்கள், நாளைக்குக் கல்யாணம் என்று ஒன்று இருக்கிறது. இவள் அதைக் கேட்டு வாங்கப் பார்க்கிறாள்.

மறுபடியும் தேய்க்க ஆரம்பித்தேன். அவளே சொன்னாள். வகுப்பில் திடீரென்று ஜன்னலைப் பார்த்தபடி உட்கார்ந்துவிடுகிறாளாம். கூப்பிட்டால் தெரிவதில்லை. கணக்கில் பாதி போட்டுவிட்டு மீதியை விட்டுவிடுகிறாள். கண் நிலைகுத்துகிற ஒரு வகை வலிப்பு இருக்கிறது, எதற்கும் பார்த்துவிடுங்கள் என்று டீச்சர் சொல்லி அனுப்பியிருக்கிறார். அப்பா வீட்டில் முடிவு கட்டிவிட்டார். வலிப்பு என்றால் வைத்தியம். வலிப்பு இல்லை என்றால் திமிர். திமிருக்குப் பள்ளிக்கூடம் எதற்கு? அண்ணாகிராமம் பக்கம் அவருடைய அக்கா வீடு. முந்திரிக்கொட்டை உடைக்கிற இடத்தில் ஆள் வேண்டுமென்று அந்த அத்தை கேட்டுக்கொண்டிருக்கிறாள்.

"துணிகூட எடுத்து வச்சிட்டாங்க ஆயா. நான் வேணும்னே பண்ணல. கவனிக்கணும் கவனிக்கணும்னு நெனைச்சிக்கினேதான் உக்காந்திருக்கேன். நெனைச்சி முடிக்கறதுக்குள்ள பாடம் முடிஞ்சிடுது."

வேண்டிக்கொள்கிறேன் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. மாட்டேன் என்றும் வரவில்லை. "கண்ண மூடிக்க, ஷாம்பு போவும்" என்றேன்.

டெஸ்ட் நடந்தது. பஷீர் தம்பி பிள்ளைகளிடம் தங்கமான குணம். "ஊது பாப்பா. பொங்கலுக்கு அடுப்பு எரியல, ஒங்கம்மா திட்டறாங்க, ஊது ஊது" என்று சிரிக்கவைத்தே வேலையை முடிப்பார். அப்படி வேகமாக ஊதச் சொன்னால், அந்தக் கண் நிலைகுத்துகிற வலிப்பு இருக்கிற பிள்ளைகளுக்குப் பெரும்பாலும் அங்கேயே வந்துவிடும். பவித்ரா மூச்சு முட்ட ஊதினாள். எதற்காக அவ்வளவு ஊதுகிறாள் என்பது அந்த அறையில் எனக்கு மட்டும்தான் தெரியும்.

ஒயரைக் கழற்றும்போது கேட்டாள். "இருக்கா சார்?"

"ஒண்ணுமே இல்ல!" என்றார் பஷீர், மிட்டாய் கொடுக்கிற மாதிரி.

அவள் தலை குனிந்துகொண்டாள். பஷீர் கதவைத் திறந்து அப்பாவிடமும் சொன்னார். "ஒண்ணுமில்லண்ணா. வலிப்பு கிலிப்பு எதுவும் இல்ல. மூளை சுத்தமா இருக்குது. சந்தோஷமா போங்க."

இதில் கெட்ட எண்ணம் எங்கே இருக்கிறது? கதவுக்கு வெளியே உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு நிற்கிறவர்களிடம் ஒரு நல்ல வார்த்தை சொல்லத்தான் யாருக்கும் தோன்றும். நம் வேலையில் இருக்கிற எல்லோரும் சொல்கிற வார்த்தைதான் அது.

அந்த மனிதர் செல்வி பக்கம் திரும்பினார். "கேட்டியா? சுத்தமா இருக்குதாம். அப்ப இத்தினி நாளா நடிப்பு." பெண்ணின் மணிக்கட்டைப் பிடித்தார். "வா. நட."

"டாக்டரம்மாவப் பாத்துட்டு..." என்று இழுத்தாள் செல்வி.

"நோவு இல்லன்னு சொன்னப்பறம் டாக்டர் எதுக்கு? இப்ப பஸ்ஸப் புடிச்சா பொழுது சாயறதுக்குள்ள அக்கா வீட்டுல விட்டுட்டு வந்துடலாம்."

டெஸ்ட் எழுதிக் கொடுத்த டாக்டரம்மா மாடியில் வார்டில் இருந்தார். அவர் இறங்கி வருவதற்குள் இவர்கள் ரோட்டுக்குப் போய்விடுவார்கள். நான் என்ன சொல்ல முடியும்? டெஸ்ட்டைப் பற்றிப் பேச எனக்கு உரிமை இல்லை, அதில் வருகிற கோடுகளைப் படிக்கவும் தெரியாது. போகாதீங்க என்றால், நீ யார் என்பார். குழாயடியில் பெண் சொன்னதைச் சொன்னால் அவளுக்கு வழியிலேயே அடி விழும். அது அவள் என்னை நம்பிச் சொன்னது. இதெல்லாம் எழுதத்தான் நேரமாகிறது. அங்கே அவர் நாலு எட்டு வைத்துவிட்டார்.

அப்போது அவள் பின்னந்தலை தெரிந்தது. வெள்ளை வெள்ளையாகப் பசை.

"தலையில பசை இருக்குதுங்க" என்றேன். என் குரல் எனக்கே புதிதாக இருந்தது. "கழுவி விட்டுடறேன்."

"வீட்டுல கழுவிக்குவா."

"காஞ்சிட்டா சீப்பு எறங்காதுங்க."

செல்வி அந்தப் பேச்சைப் பிடித்துக்கொண்டாள். "இந்தத் தலையோட பஸ்ஸுல ஏத்துவீங்களா? பாக்கறவங்க சொறின்னு எந்திரிச்சிப் போயிடுவாங்க."

அவர் கையை விட்டார். குழாயடிக்குப் போகிற வழியில் பஷீரிடம் மட்டும் சொன்னேன். "டாக்டரம்மாவ கூட்டிட்டு வா."

"ஏன் ஆயா, அதான் ஒண்ணுமில்லன்னு..."

"ஓடு தம்பி."

என் முகத்தைப் பார்த்துவிட்டு ஓடினார்.

வெந்நீர் ஊற்றி ஊறவைத்தேன். ஒரு தடவை தேய்த்தேன். மறுபடி ஷாம்பு. முடியைப் பாகம் பாகமாகப் பிரித்து, ஒவ்வொரு இடமாகப் பார்த்துப் பார்த்துக் கழுவினேன். அப்பா வந்து எட்டிப் பார்த்தார்.

"என்னா ஆயா, பொண்ணு பாக்கவா வராங்க? இப்பிடிக் குளிப்பாட்டறீங்க?"

"ஆயிடுச்சுங்க."

"ஆயிடுச்சி ஆயிடுச்சின்னு தொட்டியே காலியாயிடும்போல இருக்குது. பசைதான் போயிடுச்சே."

"காதுக்குப் பின்னாடி இருக்குதுங்க."

பொய் இல்லை. கொஞ்சம் இருந்தது. பவித்ரா அழுதுகொண்டிருந்தாள். முகமெல்லாம் தண்ணீராக இருந்ததால் யாருக்கும் தெரியாது. தோள் ஆடுவது என் கைக்குத் தெரிந்தது. மாடிப்படியில் செருப்புச் சத்தம் கேட்கிற வரைக்கும் என் கையை நிறுத்தவில்லை.

டாக்டரம்மா மூச்சு வாங்க வந்தார். வாசலில் நடந்ததை வரும் வழியிலேயே பஷீர் சொல்லியிருக்க வேண்டும். யாரையும் திட்டவில்லை. அறைக்கு வாங்க என்றும் கூப்பிடவில்லை. கூப்பிட்டிருந்தால் அந்த மனிதர் பஸ்ஸைச் சாக்குச் சொல்லியிருப்பார். இன்னொரு ஸ்டூலை இழுத்துப் போட்டு ஈரத்திலேயே உட்கார்ந்தார்.

"அண்ணா, பஷீர் சொன்னது நெசம். வலிப்பு இல்ல. இருக்காதுன்னு நானும் நெனைச்சேன். அத உறுதி பண்ணிக்கத்தான் இந்த டெஸ்ட்டே எழுதினேன்."

"அப்ப நோவு இல்ல."

"வலிப்பு இல்ல. ஒண்ணுமே இல்லன்னு நான் சொல்லல. போன தடவ வந்தப்ப ஒங்ககிட்ட கேட்டதெல்லாம், டீச்சர் எழுதி அனுப்பினது, எல்லாத்தையும் வச்சிப் பாத்தா இது கவனக் குறைபாடு. புள்ள சோம்பேறி இல்ல. மூளை வேல செய்யற விதமே வேற மாதிரி."

"அதுல என்னா வேற மாதிரி? இப்பதான் ஒயர் வச்சிப் பாத்தாங்க. சுத்தமா இருக்குதுன்னாங்க."

"அந்த மிஷினு வலிப்புக் கரண்டத் தேடிப் பாக்கறதுக்கு. இத அதுல பாக்க முடியாது."

"அப்ப வேற மிஷினுல காட்டுங்க. ஸ்கேன் எடுங்க. செலவானா ஆவட்டும். படத்தக் கையில குடுங்க, நான் நம்பறேன்."

பிள்ளைகளே, இந்த இடத்தை நான் அடிக்கடி நினைத்துக்கொள்வேன். அந்த நிமிஷத்தில் ஒரு ஸ்கேன் எழுதிக் கொடுத்து, அதில் ஏதோ ஒரு இடத்தில் விரலை வைத்து இதுதான் என்று சொல்லியிருந்தால் அவர் பேசாமல் பெண்ணைப் பள்ளிக்கு அனுப்பியிருப்பார். டாக்டரம்மா அதைச் செய்யவில்லை.

"எடுத்தாலும் தெரியாதுண்ணா. நெறைய புள்ளைங்கள ஒண்ணா வச்சி ஆராய்ச்சி பண்ணிப் பாத்தா வித்தியாசம் தெரியுது. ஒத்தப் புள்ளையோட படத்த வச்சி இதுதான்னு சொல்றதுக்கு இன்னிக்கு யாருகிட்டயும் மிஷினு இல்ல."

"கண்ணுல காட்ட முடியாதத எப்பிடிங்க நம்பறது?"

டாக்டரம்மா தன் நெற்றியைத் தொட்டுக் காட்டினார். "இதுக்குப் பின்னாடி இருக்கற மூளைதான் மேஸ்திரி. எதப் பாக்கணும், எத விடணும், எடுத்த வேலைய எப்பிடி முடிக்கணும்னு அதுதான் சொல்லும். இந்தப் புள்ளைங்களுக்கு அந்தப் பகுதி முத்தறதுக்கு மத்தவங்களவிட லேட்டாவுது. அங்க சேதி கொண்டு போறதுக்கு டோபமின்னு ஒரு ரசாயனம் இருக்குது. அது உள்ள வேற எடத்துல இருந்து கெளம்பி இங்க வரணும். வேண்டிய நேரத்துக்கு வேண்டிய அளவு வந்து நின்னு வேல செய்யறதில்ல. புடிச்ச விஷயம்னா வந்துடுது. கணக்குப் பாடம்னா வர்றதில்ல. அதப் பாத்துட்டுத்தான் நாம திமிருன்னு சொல்றோம்."

பெண்ணின் அப்பா கிண்டலாகச் சிரித்தார். "கெளம்பறது கெளம்புது, வந்து சேரல. எங்க ஊரு தண்ணி மாதிரி."

"ஒங்க ஊருல எப்பிடி?"

"கடைமடைங்க. மேட்டூரத் தொறந்துட்டாங்கன்னு டிவியில பூத்தூவிக் காட்டுவான். எங்க வாய்க்காலுக்கு அது வந்து சேர்றதுக்குள்ள நாத்து பழுத்துப் போயிடும்."

துண்டை வைத்துக்கொண்டு நின்ற செல்வி மெதுவாகத்தான் கேட்டாள். "அதுக்கு நாத்தப் போட்டு அடிப்பீங்களா?"

டாக்டரம்மா அந்த வார்த்தையைத் தனக்குச் சாதகமாக எடுத்துக்கொண்டு பேச ஆரம்பிக்கவில்லை. இப்படித்தான் சொன்னார். "அது மாதிரின்னு சொல்லலாம், அப்பிடியேன்னு சொல்ல முடியாது. இன்னும் கண்டுபுடிக்க வேண்டியது நெறைய இருக்குது. ஆனா ஒண்ணு தெரியும். இது பெரும்பாலும் குடும்பத்துல வர்றது, ஒசரம் வர்ற மாதிரி. ஒங்க வீட்டுல வேற யாருக்காவது இந்த மாதிரி?"

செல்வி புருஷனைப் பார்த்தாள். அவர் எங்கேயோ பார்த்தார்.

"காலையில சோத்துப் பைய பஸ்ஸுல விட்டது யாருங்க?"

"அது மறதி."

"மோட்டார நிறுத்தாம வந்து படுத்தது?"

"ஏய்."

"தாலி கட்டற அன்னிக்கு பட்டு வேட்டிய மாமா வீட்டுலயே வச்சிட்டு வந்தது? எங்கப்பா வேட்டியக் கட்டிக்கினுதான டாக்டரம்மா மணையில உக்காந்தாரு!"

பஷீர் சிரித்துவிட்டு வாயை மூடிக்கொண்டார். பவித்ராவும் சிரித்தாள். வந்ததிலிருந்து அவள் சிரித்து அப்போதுதான் பார்த்தேன்.

அந்த மனிதருக்குக் கோபம் வரும் என்று பயந்தேன். வரவில்லை. ஈரச் சுவரில் சாய்ந்துகொண்டார். "எங்கப்பன் என்னை தென்ன மட்டையால அடிப்பாரு. கவனம் எங்கடா போச்சின்னு கேட்டுக் கேட்டு அடிப்பாரு. எங்க போச்சின்னு எனக்குத் தெரிஞ்சாதான சொல்றதுக்கு."

"அடிச்சி வந்துச்சா?" என்றாள் செல்வி. இந்தத் தடவை கிண்டல் இல்லை.

"எங்க வந்துச்சி. ஏழாவதோட நின்னுட்டேன்."

அவர் செல்வி கையிலிருந்த துண்டை வாங்கி மகள் தலையில் போட்டார். துவட்டத் தெரியவில்லை. சும்மா வைத்து அழுத்திக்கொண்டே நின்றார். பிறகு போனை எடுத்து அக்காவுக்குப் பேசினார். "அவ வரலக்கா. நீ வேற ஆளப் பாத்துக்க." மறுமுனையில் ஏதோ சத்தம் கேட்டது. "நோவு இருக்குதா இல்லையான்னா... இருக்குது. படத்துல வராதாம். நீ போன வையி."

பிறகு டாக்டரம்மா அறையில் ரொம்ப நேரம் பேசினார்கள். மாத்திரை, பள்ளியில் முன்வரிசை, பாடத்தைத் துண்டு துண்டாகப் பிரித்துக் கொடுப்பது என்று. அது அவர்கள் சங்கதி. நான் குழாயடியைக் கழுவிவிட்டேன்.

சாயங்காலம் பஷீர் குழாயடிக்கு வந்து நின்றார். "நல்லதுன்னு நெனைச்சித்தான் ஆயா சொன்னேன்" என்றார். எனக்குத் தெரியாதா? டாக்டரம்மாவும் அவரைக் கடிந்துகொள்ளவில்லை. "நல்ல சேதிதான் பஷீர். யாருக்கு நல்ல சேதின்னு தெரிஞ்சிக்காம வாசல்ல சொல்லிட்டோம்" என்று மட்டும் சொன்னாராம்.

மறுநாளிலிருந்து ஒரு வழக்கம் வைத்தோம். நீங்களும் விடாதீர்கள். டெஸ்ட் முடிந்ததும் கதவைத் திறந்து எதையும் சொல்லக் கூடாது. பிள்ளையைப் பின்பக்கமாகவே குழாயடிக்குக் கூட்டிப்போய் முதலில் பசையைக் கழுவ வேண்டும். அதற்குள் டாக்டருக்கு ஆள் போய்விட வேண்டும். என்ன வந்தது என்று வெளியே இருக்கிறவர்கள் தவிப்பார்கள், கெஞ்சுவார்கள், சிலர் திட்டவும் செய்வார்கள். "தல கழுவறோம், டாக்டரம்மா வந்து சொல்லுவாங்க" என்று மட்டும் சொல்லுங்கள். பயந்து நிற்கிறவரிடம் ஒண்ணுமில்லை என்று ஒரு வார்த்தை சொல்லாமல் இருப்பது கஷ்டம்தான். நாக்கு நுனிவரைக்கும் வரும். ஆனால் நம் மிஷினில் தெரியாத நோவு நிறைய இருக்கிறது. அது இருக்கிற பிள்ளைகள்தான் ஏற்கெனவே திட்டும் அடியும் வாங்கிக்கொண்டு வந்திருப்பார்கள்.

பவித்ரா அடுத்த தடவை பள்ளிக்கூடச் சீருடையோடு வந்தபோது நான் குழாயடியில்தான் இருந்தேன். அப்பா தூரத்திலிருந்தே சத்தம் போட்டுக்கொண்டு வந்தார்.

"ஆயா, தலையப் பாருங்க! எண்ணெயே வைக்கல. அவங்கம்மா கிண்ணத்தோட வந்தா. நான்தான் ஞாபகமா வேணாம்னுட்டேன்."

முடி காய்ந்து பறந்துகொண்டிருந்தது. அன்றைக்கு டெஸ்ட்டே கிடையாது, டாக்டரைப் பார்த்தால் போதும். பின்னால் வந்த செல்வி என்னைப் பார்த்துச் சொல்லிடாதீங்க என்று கண்ணைக் காட்டினாள். அவர் ஞாபகமாகச் செய்த ஒன்று அது.

"நல்ல வேலை பண்ணீங்க" என்றேன்.

அவர் டோக்கன் வாங்கப் போன பிறகு, என் பையில் இருந்த தேங்காய் எண்ணெயைக் கொஞ்சமாகக் கையில் ஊற்றி அவள் தலையில் தடவி வாரிவிட்டேன். பின்னிக்கொண்டிருக்கும்போது குனிந்து காதோடு கேட்டேன்.

"அன்னிக்கு ஒண்ணு வேண்டிக்கச் சொன்னியே. நான் இன்னும் வேண்டிக்கல. வேண்டிக்கட்டுமா?"

அவள் யோசித்தாள். குழாய்த் தொட்டியில் ஒரு காக்கா வந்து உட்கார்ந்தது. கண் அங்கே போய்விட்டது. நான் காத்துக்கொண்டிருந்தேன். பின்னலும் முடிந்துவிட்டது. ரிப்பன் கட்டினேன். காக்கா தண்ணீர் குடித்துவிட்டுப் பறந்தது.

"வேணாம் ஆயா" என்றாள்.